இரண்டாவது டிஸ்க்

நந்தகுமாரிடம் எதைக் கேட்டாலும் "ஆச்சுங்க" என்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று வாத்தியார் கேட்டால், பையிலிருந்து நோட்டை எடுக்காமலே "ஆச்சுங்க சார்." தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாயா என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினால், கட்டிலில் படுத்தபடியே "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் எழுந்து போய் நிறுத்துவான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. எப்படியும் செய்யத்தான் போகிறோம், கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதானே. பெரும்பாலும் செய்தும் விடுவான். அதனால் வீட்டில் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை தேவிப்ரியா மட்டும், "அண்ணன் ஆச்சுன்னு சொன்னா, இனிமேத்தான் எந்திரிக்கப் போறான்னு அர்த்தம்" என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்வாள்.

வீடு குமாரபாளையத்திலிருந்து எடப்பாடி போகும் சாலையில், வாய்க்காலைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. வீட்டை ஒட்டினாற்போல் தறிக்கூடம். எட்டு விசைத்தறிகள். அப்பா சென்னியப்பனுக்குக் கொஞ்சம் காடும் உண்டு. ஆனால் மழையை நம்பி இருக்கிற காட்டைவிட, குமாரபாளையத்து நூல் வியாபாரி கொடுக்கிற பாவு நூலை வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பதில்தான் குடும்பம் ஓடியது. நந்தகுமார் தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன். மின்சாரம் போய்ச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பான். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்தான். பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தறிக்கூடத்துக்குப் போகும் கதவுக்கு மேலே அப்பா மாட்டினார். பஞ்சுத்தூசி படிந்து படிந்து அந்தப் படத்தில் அவனுக்கு வெள்ளை மீசை முளைத்தது.

வேலை கிடைக்கவில்லை. கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் வேறு யார் யாரையோ எடுத்துக்கொண்டு போய்விட்டன. கோயமுத்தூர், ஈரோடு, பெங்களூரு என்று போய்ப் போய் வந்தான். விசேஷ வீடுகளில் அப்பாவைப் பார்ப்பவர்கள், "ஏனுங்க, பையனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலீங்களா?" என்று, கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்பார்கள். "வந்துட்டே இருக்குதுங்க" என்பார் அப்பா, பஸ்ஸைச் சொல்வதைப்போல. நந்தகுமார் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டான்.

ஒரு நாள் பாவு ஏற்றிவந்த வண்டியிலிருந்து அப்பா இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இறக்கினார். மேலெல்லாம் அழுக்கு. ஒன்றுக்கு மூடியே இல்லை.

"நூல் கடையில புதுசு வாங்கிட்டாங்களாமா. காயலான் கடைக்குப் போடறேன்னாங்க. உனக்கு எதுக்காச்சும் ஆகும்னு ஏத்திட்டு வந்தேன் சாமி."

படித்த படிப்புக்கு அப்பாவால் செய்ய முடிந்த உதவி அது என்று நந்தகுமாருக்குப் புரிந்தது. அதனாலேயே அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பிரித்துப் பார்த்தான். ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. இன்னொன்றில் மின்விசிறி சுற்றவில்லை. ஆனால் இரண்டிலும் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது. இரண்டும் ஒரே அளவு. அன்றுதான் அந்த யோசனை வந்தது. வீட்டில் எல்லார் போனும் நிறைந்து வழிகிறது. காது குத்து, சீர், கல்யாணம், கோயில் நோம்பி எல்லாம் யார் யார் போனிலோ கிடக்கிறது. போன் உடைந்தால் அதோடு போகிறது. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் நல்லதை எடுத்து ஒன்றாக்கி, எல்லாப் படங்களையும் வீட்டிலேயே சேர்த்து வைக்கிற ஒரு சர்வர் செய்தால் என்ன?

அந்த வாரம் முழுக்க அவன் சந்தோஷமாக இருந்தான். படித்தது எதற்காவது ஆகிறது என்ற எண்ணமே காய்ச்சல் விட்டதைப்போல இருந்தது. ஒன்றின் மெமரியைக் கழற்றி மற்றதில் சேர்த்தான். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினான். பெட்டியை வைக்க நூல் மூட்டை அடுக்கும் அறைதான் கிடைத்தது. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள். சுவரில் கை வைத்தால் விரல் அதிரும். அதனால் பழைய லாரி டியூபை வெட்டிப் பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் கொடுத்தான். காற்றுப் போகிற ஓட்டையில் பஞ்சுத்தூசி அடைக்காமலிருக்க, அம்மாவின் பழைய வாயில் சேலையில் ஒரு துண்டைக் கட்டினான். பிறகு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் போனிலிருந்து ஒரு படத்தை அனுப்பிக் காட்டினான்.

"இதுல ரெண்டு டிஸ்க் இருக்குது. ஒரு படம் போட்டா ரெண்டுலயும் போய் உக்காந்துக்கும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு அப்படியே நிக்கும்."

"அதாவது, நகைய பேங்க்ல கொஞ்சம் பீரோவுல கொஞ்சம் வெக்கற மாதிரி" என்றாள் அம்மா பூங்கொடி.

"இல்லம்மா, ஒரே நகை ரெண்டு எடத்துலயும் இருக்கும்" என்றாள் தேவிப்ரியா.

"அட, அப்படி ஒரு பொட்டி இருந்தா மொத என்ர தாலிக்கொடிய அதுக்குள்ள போடு சாமி."

விஷயம் பரவியது. சொந்தக்காரர்கள் மெமரி கார்டும் சி.டி.யுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா முறை ஒருவர், "வேலை குடுக்கற கம்பெனி கெடைக்கலீன்னு மாப்ள சொந்தமா பேங்க் வெச்சுட்டாப்ல" என்று சிரித்தார். ஆனால் அவரும் தன் மகள் கல்யாண வீடியோவைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 'நந்து பேங்க்' என்றே பெயராகிவிட்டது. நந்தகுமார் மறுபடி விசேஷங்களுக்குப் போக ஆரம்பித்தான்.

தறிக்கூடத்தில் பகல் நேரம் நான்கு தறிகளை ஓட்டியவள் செல்லியம்மாள். பக்கத்துக் காலனியிலிருந்து நடந்து வருவாள். நந்தகுமார் டவுசர் போட்ட நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறவள். புருஷன் வேலுசாமி லாரி டிரைவர். நாக்பூர், இந்தூர் என்று மாதக்கணக்கில் போய்விடுவான். அதற்கு முந்தின வருஷம் மகாராஷ்டிராவில் ஒரு லாரி ஸ்டாண்டில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் ஒரு நாள் மத்தியானம் சோற்றுப் போசியோடு வந்து நின்றாள். "சாமி, இந்தப் போனு ஒறைஞ்சு ஒறைஞ்சு நின்னு போவுது. என்னான்னு ஒருக்காப் பாருங்க."

வாங்கிப் பார்த்தான். போன் நிரம்பிப் போயிருந்தது. படம் என்று பார்த்தால் பத்துக்கூட இல்லை. எல்லாம் ஒலிப்பதிவு. வருகிற போன் பேச்சையெல்லாம் அதுவே பதிந்து வைக்கும்படி கடைக்காரன் எப்போதோ அமைத்துக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. நந்தகுமார் ஒன்றைத் தொட்டான்.

"ஏய் செல்லி, ஆட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

செல்லியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டுனன், காட்டுனன். நீங்க எங்க இருக்கறீங்க?" இது அவள் குரல்.

"எங்க இருந்தா உனக்கென்ன. அந்தக் கெடாக்குட்டிய வித்துப்போடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

"நீங்க வந்தா பாப்பீங்களா? தின்னுபோட்டுப் போயிருவீங்க."

பதிவில் வேலுசாமி உரக்கச் சிரித்தான். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. பதிவு நின்றது. செல்லியம்மாள் போசியைக் கீழே வைத்தாள். பிறகு, "இது மாதிரி இன்னும் இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டாள். நிறைய இருந்தது.

அத்தனையையும் பெட்டியில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்தால்தான் போன் ஓடும் என்றான். அவள் யோசித்தாள். "அழிஞ்சு கிழிஞ்சு போயிராதுங்களே?"

"ரெண்டு எடத்துல இருக்குதுங்க்கா. எங்கயும் போவாது. நான் பொறுப்பு."

"நீங்க படிச்சவீங்க. சொன்னாச் செரி."

எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்தான். அதன்பின் தினமும் மத்தியானம், சோறு உண்டு முடித்து, தறியை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் நூல் அறைக்கு வருவாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருவாள். ஒன்று கேட்பாள். ஒன்றுதான்.

"இன்னொண்ணு போடட்டுங்களா?" என்று முதல் வாரத்தில் கேட்டான்.

"வேண்டாஞ் சாமி. தீந்து போயிரும்."

"தீராதுங்க்கா. எத்தன வாட்டி வேணும்னாலும் கேக்கலாம்."

"அது தெரியும். ஆனா மொத வாட்டி கேக்கறது ஒருக்காத்தானுங்களே. அது ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

பெரும்பாலும் சண்டைதான். கரண்டு பில், ஆடு, ரேஷன் அரிசி, வேலுசாமியின் தங்கச்சி வீட்டு விவகாரம். சில நாள் செல்லியம்மாள் பெட்டியைப் பார்த்தே பதில் சொல்வாள். "இப்ப மட்டும் நாயம் பேசு" என்று வைதுவிட்டுச் சிரித்துக்கொண்டு தறிக்குப் போவாள். நந்தகுமாருக்கு நெஞ்சு விம்மும். யாருடைய சர்வர் இப்படி ஒரு வேலை செய்யும்? படித்ததற்கு இது போதுமே என்றுகூட ஒரு நாள் நினைத்தான். நினைத்துவிட்டு, இதை யாரிடமாவது சொன்னால் நன்றாக இருக்குமே என்றும் நினைத்தான்.

ஆடி மாதம் பெங்களூருக் கம்பெனி ஒன்று அவனுக்கு வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொல்லி ஒரு தேர்வு வேலை கொடுத்தது. அவன் மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் அந்த வாரம்தான் படுத்தது. புதிது வாங்க அப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்க நாக்கு எழவில்லை. சர்வரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று போதும், ஓடும். நான்கு நாளைக்குத்தானே. ஒன்றைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அதிலிருந்ததை அழித்துவிட்டு வேலையைச் செய்தான்.

அந்தத் தேர்விலும் தோற்றான். டிஸ்க்கைத் திரும்ப மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று பிற்பாடு பல முறை தன்னையே கேட்டிருக்கிறான். தோற்ற ஆத்திரமா, சோம்பலா? தன் கம்ப்யூட்டர் மறுபடி ஓடுவது சௌகரியமாக இருந்தது. சினிமாக்களை இறக்கி வைத்துக்கொண்டான். சர்வரின் பக்கத்தைத் திறந்தால், ஒரு டிஸ்க் இல்லை என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். தினமும் அதைப் பார்ப்பது உறுத்தியது. அந்த எச்சரிக்கை வராதபடி நிறுத்தி வைத்தான்.

புரட்டாசி பிறந்தபோது, மின்வெட்டுக்குத் தறிகள் நின்ற ஒரு நாளில், இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டிக், டிக் என்று, கல்லில் நகம் தட்டுவதைப்போல. டிஸ்க் சாகப் போகிறது என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியும். அன்று மத்தியானம் ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, குறைந்தபட்சம் அந்த ஒலிப்பதிவுகளையாவது பிரதி எடுத்திருக்கலாம். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. மின்சாரம் வந்தது, தறிகள் ஓடின, சத்தம் கேட்காமல் போயிற்று.

"அண்ணா, அந்தப் பொட்டி நல்லாத்தான இருக்குது? என்ர காலேஜ் புராஜெக்ட அதுலதான் வெச்சிருக்கறேன்" என்று அந்த வாரம் தேவிப்ரியா கேட்டாள். நல்லாத்தான் இருக்குது, எல்லாம் பார்த்தாச்சு என்றான். அவள் அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். அன்றைக்கே தன் புராஜெக்டை வேறு ஒரு இடத்திலும் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தறிக்கூடத்தில் நடப்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். காலையோடு தறிகளை நிறுத்திவிடுவார்கள். கம்ப்ரசர் குழாயை எடுத்துக் காற்றடித்து, வருஷம் பூராவும் சேர்ந்த பஞ்சை ஊதித் தள்ளுவார்கள். தறி, மோட்டார், ஊடை நூலைத் தாரில் சுற்றும் மெஷின், வண்டி, கத்தி, அரிவாள் என்று வேலை செய்கிற எல்லாமும் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு ஓய்வில் இருக்க வேண்டும். விஜயதசமி காலையில்தான் மறுபடி தொட வேண்டும்.

நந்தகுமார் அன்று கோயமுத்தூரில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தான். செல்லியம்மாள் தறிகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா நூல் அறையைக் காட்டி, "செல்லி, அதுவும் மெசினுதான. அதுக்கு மட்டும் லீவு இல்லைன்னா பாவமில்லையா" என்றாள். செல்லியம்மாள் முதலில் பயந்தாள். பிறகு சுவிட்சை நிறுத்தி, குழாயைத் தூரமாகப் பிடித்து, குழந்தைக்குச் சோறு ஆற ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதினாள். சேலைத் துணியை அலசிக் காயப்போட்டு மறுபடி கட்டினாள். சந்தனம் வைத்தாள். தன் வீட்டு வாசலில் பூத்த செவ்வந்தியைப் பறித்துக்கொண்டு வந்து மேலே வைத்தாள்.

நந்தகுமார் திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி புது மணப்பெண் மாதிரி இருந்தது. அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

விஜயதசமி காலையில் ஒவ்வொரு மெஷினாகச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார்கள். தறிகளெல்லாம் ஓடின. கடைசியில் எல்லாரும் நூல் அறைக்கு வந்தார்கள். அம்மா தட்டோடு நின்றாள். செல்லியம்மாள் வாசற்படிக்கு வெளியில் நின்றாள். நந்தகுமார் சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. டிக், டிக், டிக். டிஸ்க் சுழலவே இல்லை. பல வருஷம் ஓடித் தேய்ந்த டிஸ்க், ஓடிக்கொண்டே இருக்கிறவரை ஓடும். நிறுத்தி ஆறவிட்டால் சில சமயம் எழுந்திருக்காது. அதை அவன் படித்திருக்கிறான்.

மூடியைக் கழற்றினான். உள்ளே பளிச்சென்று இருந்தது. எங்கும் ஈரமில்லை. விரலால் தடவிப் பார்த்தான். பொட்டுப் பஞ்சுகூட ஒட்டவில்லை. அவ்வளவு பதனமாக ஊதியிருந்தாள்.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

அவன் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினான். வெளியிலிருந்து செல்லியம்மாள் கேட்டாள். "நாங் காத்தடிச்சதாலீங்களா சாமி?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அடுத்த கேள்வி என்ன வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பா இருக்கிறார். அம்மா தட்டோடு நிற்கிறாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர்களை நூல் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவர் அப்பாதான்.

"கம்ப்ரசர் காத்துல தண்ணி இருக்குமுங்க்கா" என்றான். "போர்டுல பட்டிருக்கும்."

கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருக்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நின்றான்.

"ரெண்டு எடத்துல இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றாள் அவள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதானுங்களே இருந்துச்சு."

"செல்லி தெரிஞ்சா செஞ்சா? நாந்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் அம்மா. அப்பா, "போனாப் போவுது, உடு" என்றார். யாரும் அவளைத் திட்டவில்லை. செல்லியம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "என்ர கையாலயே" என்றாள். அழவில்லை. தறிக்குப் போய்விட்டாள். கேட்காத பதிவுகள் இன்னும் பாதிக்கு மேல் இருந்தன.

அவன் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினான். குளிர வைத்தால் சில டிஸ்க் எழுந்துவிடும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை நம்பி, பாலிதீன் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தான்.

"ஏன்டா, தயிருக்குப் பக்கத்துல என்னத்தடா வெச்சிருக்கற?" என்றாள் அம்மா.

"டிஸ்க்கும்மா."

"அது கெட்டுப் போயிருச்சுன்னியே?"

"அதுக்குத்தாம்மா."

"கெட்டதுக்கப்பறம் ஃபிரிட்ஜில வெச்சு என்ன பிரயோசனம்?"

ஈரோட்டில் ஒரு கடைக்கும் கொண்டுபோனான். உள்ளே தகடே கீறியிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

செல்லியம்மாள் அதன்பிறகு கம்ப்ரசரைத் தொடவில்லை. தறிகளைத் துடைப்பத்தாலும் துணியாலும்தான் சுத்தம் செய்தாள். இரட்டை வேலை. அப்பா சொல்லியும் கேட்கவில்லை. லைட் சுவிட்சைக்கூடப் பக்கத்துத் தறிக்காரியைப் போடச் சொன்னாள். இதையெல்லாமாவது நந்தகுமார் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். பார்க்காத மாதிரி இருக்க முடியாதது ஒன்று நடந்தது. கல்யாண வீடியோ கொடுத்த மாமா ஒரு நாள் வந்தபோது, செல்லியம்மாள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, அவர் முன்னால் கை கூப்பினாள். "என்னாலதானுங்க உங்க பாப்பா கல்யாணப் படம் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க சாமி." மாமா சங்கடப்பட்டு, "அட, அதனால என்ன அம்மணி, பொண்ணு இருக்குதில்ல, மாப்ளயும் இருக்கறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நந்தகுமாரும் சிரித்தான். படம் கொடுத்த ஒவ்வொரு வீட்டாரிடமும் அவள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்டாள் என்று பிறகு தெரிந்தது.

தேவிப்ரியா ஒரு படம் பார்க்க அவன் கம்ப்யூட்டரைத் திறந்தவள், அதிலிருந்த டிஸ்க்கின் அளவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள். "அண்ணா, இந்த டிஸ்க் எப்ப வந்துச்சு?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"பொட்டியில இருந்ததுதான?"

"சத்தமாப் பேசாத."

"அந்தக்கா ஊரு பூரா கால்ல உழுந்துட்டுத் திரியுது. நீ சொல்றியா, நாஞ் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். எனக்குக் கொஞ்சம் நேரங் குடு."

தங்கை நேரம் கொடுத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

தை மாதம் பெங்களூரில் ஒரு நேர்காணல். பெரிய கம்பெனிகளின் கோப்புகளைப் பாதுகாத்து வைக்கிற நிறுவனம். எதிரே மூன்று பேர். அதுவரை எல்லாக் கேள்விக்கும் தடுமாறிக்கொண்டிருந்தவனிடம், நடுவிலிருந்தவர், "நீங்களே செய்து தோற்றுப்போன ஒன்றைச் சொல்லுங்கள், அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். நந்தகுமார் பழைய கம்ப்யூட்டர்களைச் சொன்னான். லாரி டியூபைச் சொன்னான். சேலைத் துணியைச் சொன்னான். அவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். அந்த மாதிரி யாரும் அவன் பேச்சைக் கேட்டதில்லை. ஆயுத பூஜையைச் சொன்னான். தறி ஓட்டுகிற ஒரு அம்மா கம்ப்ரசரால் சர்வருக்குக் காற்றடித்ததைச் சொன்னான். போனில் இருந்த படத்தையும் எடுத்துக் காட்டினான், செவ்வந்தியோடு. மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "இரண்டு பிரதியையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்" என்று முடித்தான். அது நல்ல பதில். வேலை கிடைத்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஓசூர் தாண்டியதும் அந்தப் படத்தை அழித்தான். அழித்து என்ன ஆகப் போகிறது என்றும் தோன்றியது. அவளுடைய பழியை விற்றுத்தானே வேலை வாங்கியிருக்கிறோம்? இத்தனை காலம் படித்தது, செய்தவன் யார் என்று தெரியாதபடி ஒரு தோல்வியை அழகாகச் சொல்வதற்குத்தானா?

அப்பா ஊருக்கே லட்டுக் கொடுத்தார். செல்லியம்மாள் லட்டை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு, "என்னால உங்க பொட்டி கெட்டும், ஆண்டவன் உங்களைக் கைவிடல சாமி" என்றாள். முதல் முறையாக அன்று அவளுக்குக் கண் கலங்கியது.

இப்போது பெங்களூரில் அவன் வேலையே டிஸ்க்குகளைக் கவனிப்பதுதான். எங்கோ ஒரு கட்டிடத்தில் வரிசை வரிசையாக ஓடும் டிஸ்க்குகளில் ஒன்றுக்கு லேசாக உடம்பு சரியில்லை என்றாலும் அவன் திரையில் சிவப்பு வரும். உடனே மாற்றச் சொல்லி அனுப்புவான். ஒரு எச்சரிக்கையைக்கூடத் தவறவிடாத ஆள் என்று மேலாளர் அவனைப் பாராட்டியிருக்கிறார். முதல் சம்பளத்தில் இரண்டு புது டிஸ்க் வாங்கி வீட்டுச் சர்வரை மறுபடி கட்டினான். மூன்றாவது பிரதி ஒன்று பெங்களூரில் அவன் அறையில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் திரும்பவும் படம் கொடுத்தார்கள். செல்லியம்மாள் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தவன், சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் முந்தின நாள் காலையில் தறிக்கூடத்துக்குள் போனான். மற்றத் தறிகளை இன்னும் நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டிருந்தன. அவள் நிறுத்தியிருந்த ஒரு தறிக்குக் கீழே குந்தி, துணியை விரலில் சுற்றிப் பல்சக்கரத்தின் இடுக்கில் இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்ரசர் மூலையில் சும்மா கிடந்தது. அவனைக் கண்டதும் எழுந்தாள். அந்த இரைச்சலில் காதால் கேட்கிற பழக்கம் தறிக்காரர்களுக்குக் கிடையாது. வாயைத்தான் பார்ப்பார்கள். அவள் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முனகினாலும் அவளுக்குப் புரிந்துவிடும்.

"என்னுங்க சாமி?"

அவன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்லீங்க்கா. டீ வந்துருச்சு. வாங்க."

அவள் தலையாட்டிவிட்டு, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து உதறி, டீக்குப் போனாள். அவன் அவள் விட்ட இடத்தில் குந்தி, மீதிப் பஞ்சை எடுக்கப் பார்த்தான். இடுக்கில் விரல் நுழையவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போனபோதும் சொல்லவில்லை. பூஜை முடிந்து பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறவரையிலும் சொல்லவில்லை. அவளுக்கு அவன் கொடுக்க வேண்டியது இன்னும் அப்படியேதான் பாக்கி நிற்கிறது.